இருநூற்று நாற்பது கிலோ

மூன்று வருடக் கட்டுப்பாடு வியாழக்கிழமை முடிந்தது.
இனி எந்தப் பெரிய என்ஜினும் எனக்குச் சட்டப்படி ஆகும்.
வெள்ளி இரவு வேலையில்
இரத்தக் குழாய்கள் எந்திரத்தில் சுழல
நான் கைபேசியில் பழைய வண்டிகள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முந்நூறு சிசி நல்ல பிள்ளை.
டாண்டினோங் தெருக்களில்
ஒரு சொல் மறுத்துப் பேசாது.
நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் மட்டும்
பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும்.
பக்கத்தில் ஒரு ட்ரக் கடந்தால்
என்னோடு சேர்ந்து அதுவும்
முருகா என்னும்.

"இன்னும் பெரிசு எதுக்கு?" என்றான் பகீரதன்
வெங்காயம் வெட்டியபடி.
தூரப் பயணத்துக்கு என்றேன்.
சொல்லாமல் விட்டது:
முறுக்கும்போது வயிறு மட்டும்
ஒரு கணம் பின்னால் தங்கிவிடுமே, அது.
நாற்பத்தாறு வயதில் அதைக் கேட்டு வாங்கக்
கொஞ்சம் வெட்கமாயிருந்தது.

பாக்கன்ஹாமில் ஓர் ஆயிரத்து முந்நூறு.
பக்கப் பெட்டிகள், சூடாகும் கைப்பிடி,
பாட்டுக் கேட்க ஸ்பீக்கர்.
ஏறி உட்கார்ந்தேன்.
இரண்டு பெருவிரல்களும் நிலத்தைத் தேடித் தேடி
பாதியில் நின்றன.
சோபா வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.
நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஜீலாங்கில் ஒரு பையன். சிவப்பு வண்டி.
ஆறாயிரம்தான் ஓடியது என்றான்.
புது டேங்க், புதுக் கண்ணாடி,
ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஒரு சின்னத் தடக்கல்.
விழுந்ததா?
"நிறுத்தி வைச்சிருந்தப்போ சாஞ்சுது."
நிறுத்தி வைத்திருந்த வண்டிக்கு
எக்ஸாஸ்ட் குழாய் உள்ளங்கை நீளத்துக்குத் தேய்ந்திருந்தது.
நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள்.
மாதிரி பொய் சொல்லாது, தம்பி.
கொண்டு வருகிறவர்தான்.

பிறகு கொரம்பராவில், மழையில்,
பால்பண்ணைக் கொட்டகை ஒன்றில்
பச்சை நிறத்தில் நின்றது.
ஆயிரத்தைம்பது. மூன்று சிலிண்டர்.
அறுபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
விலையைச் சொல்லுமுன் கிளைவ்
ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை நீட்டினார்.
எண்ணெய் மாற்றிய நாட்கள், வால்வு இடைவெளிகள்,
நல்லர்போர் வெளியில் செயின் அறுந்து
இரண்டு இரவு கிடந்தது.
ஒரு திகதிக்கு நேரே வெறுமனே "காற்று."
பொய்க் கணக்கு ஒரே பேனாவில் எழுதப்படும்.
இதில் நான் எண்ணியது பன்னிரண்டு மைகள்.

ஏன் விற்கிறீர்கள்?
"இடுப்பு" என்றார்.
டயரைப் பார்க்கக் குனிந்தவர்
நிமிர எடுத்த நேரத்தில் மீதியும் தெரிந்தது.

ஓட்டிப் பார்க்கத் தந்தார்.
மலைமுதுகில் போகும் வீதி, ஈரம் காய்ந்த துண்டுகள்,
இரு பக்கமும் பன்னச்செடிகள்.
மூன்றாவது கியரில் கொஞ்சம்,
கொஞ்சம்தான், திறந்தேன்.
ஒரு மரம் ஏற்றிய லாரி வந்தது, போனது.
முருகனைக் கூப்பிட நேரம் இருக்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரிப்பது கேட்டது.
நான்தான்.

திரும்பி முற்றத்தில் வளைக்கும்போது
வேகம் பூச்சியம்.
சாணியில் கால் வழுக்கியது.
இருநூற்று நாற்பது கிலோவும்
அவசரமே இல்லாமல்
ஒரு பசுபோலப் படுத்தது.

"முதுகைக் கொடு, கையால தூக்காதே" என்று கத்தியபடி
கிளைவ் இடுப்பை மறந்து ஓடி வந்தார்.
நிமிர்த்தினோம். கிளட்ச் பிடி வளைந்திருந்தது.
அடிப்பக்கத்தில் மூன்று பழைய கீறலுக்குக் கீழே
இன்னொன்று, பளபளவென்று.
பழையதில் இரண்டு ப்ரோக்கன் ஹில்லில் என்றார்.
மூன்றாவது?
காலால் அதே சாணியைக் காட்டினார்.

ஐந்நூறு டாலர் குறைக்க
வழியெல்லாம் வசனம் பாடமாக்கி வந்திருந்தேன்.
வாய் திறக்கவில்லை. முழு விலையும் கொடுத்தேன்.

வீட்டில் பகீரதன் டோர்ச் அடித்து
வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான்.
"இந்தக் கீறல் பழசா?"
பழசு என்றேன்.
நாலேகால் மணியிலிருந்து.

அவன் தூங்கியபின் கொப்பியைத் திறந்தேன்.
பதின்மூன்றாவது மை, ஆய்வுகூடத்து ஊதாப் பேனா.
திகதி போட்டு, கிலோமீட்டர் போட்டு,
பக்கத்தில் எழுதினேன்:
சாணி.